அக்கா எடுத்த படங்கள்

அந்தக் கேமரா என் கைக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். மலேசியாவில், சிரம்பானுக்கு வெளியே இருந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பொருள்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் ஜப்பானிய மேற்பார்வையாளர் ஊருக்குத் திரும்பும்போது மேசையைக் காலி செய்த கையோடு அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ஃபிலிம் போட வேண்டியதில்லை. பின்பக்கம் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய திரை. நான்கு பேட்டரிகளை அரை நாளில் தின்றுவிடும்.

கலரில் எடுத்தால் எங்கள் ஆட்களின் முகமெல்லாம் பச்சை பூத்துத் தெரிந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் நிழலில் எடுத்தால் கேட்கவே வேண்டாம். கறுப்பு வெள்ளைக்கு மாற்றும் வசதி ஒன்று அதில் இருந்தது. ஒருநாள் மாற்றிப் பார்த்தேன். முகத்தின் மேடு பள்ளம், நெற்றிக் கோடு, தகரக் கூரையின் துரு, வாளியில் ததும்பும் தண்ணீர் எல்லாம் திடீரென்று பார்க்கத் தகுந்தவையாக ஆகிவிட்டன. நான் ஏதோ பெரிய கலைஞி என்று அன்று முதல் எனக்கு ஒரு நினைப்பு. கலருக்குத் திரும்பவே இல்லை.

சிரம்பானை ஒட்டிய தெமியாங்கில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அக்கா இருந்த செம்பனைத் தோட்டத்துக்குப் போவேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருந்தது அக்கா வீடு ஒன்றுதான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். பிள்ளை இல்லை. மாமா தோட்டத்து லோரி ஓட்டினார். அக்கா மருந்தடித்தாள். களைக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து பம்பில் ஊற்றி, அதை முதுகில் சுமந்துகொண்டு, செம்பனை வரிசைகளுக்கு நடுவே புல்லைக் கருக்கிக்கொண்டே போகிற வேலை. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து போனால் மதியம் வரை நடை. அந்த வேலைக்குப் பெண்களைத்தான் போட்டிருந்தார்கள், அவர்களை மேய்க்க ஒரு மண்டோர்.

படம் எடுத்ததும் திரையில் காட்டினால் அக்கா சிரிப்பாள். "நம்ம பழைய டிவி மாதிரி இருக்குலா" என்பாள். நானும் சிரிப்பேன். அது ஏன் அப்படி இருக்கிறது என்று நான் அவளுக்கு விளக்கியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும் நேரத்தில் அவளே கேட்டாள். "இத ஒரு வாரம் இங்க வச்சிட்டுப் போயேன்."

எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. படம் பிடிக்கும் பட்டனைக் காட்டினேன். "இத மட்டும் அமுக்கு. வேற எதையும் தொடாத" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓவர்டைம். மதியம்தான் போக முடிந்தது, அரைமணி நேரம்கூட உட்காரவில்லை. கேமராவைத் துணியில் சுற்றி என் பையில் வைத்தவள், "எல்லாத்தையும் எடுத்திருக்கேன். நிதானமா பாரு" என்றாள். மாமா வாசலில் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் எங்கள் பிரிவுக் கணினியில் போட்டுப் பார்த்தேன். கூட வேலை செய்த மலாய்ப் பெண் ஒருத்தியும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாற்பது படங்களுக்கு மேல் இருந்தன. வெயிலில் கவிழ்த்து வைத்த ரப்பர் பூட்ஸ்கள். சுவரில் மாட்டிய பம்ப், அதன் கீழே சிமெண்டுத் தரையில் ஈரத்திட்டு. பலகையின் மேல் விரித்து வைத்த அவளுடைய இடது கை, அதையே ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் கிட்டத்தில். கொடியில் தொங்கும் துண்டு. தலையணை உறை. கண்ணாடி முன்னால் திரும்பி நின்று, ரவிக்கையை இறக்கிவிட்டு, தோளுக்கு மேலே கேமராவைப் பிடித்து எடுத்த தன் முதுகு. அந்தப் படம் வந்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தோழி பார்ப்பதற்குள் அடுத்ததற்குத் தள்ளிவிட்டேன்.

அடுத்தது பேசின். எனாமல் பேசினில் தண்ணீர், அதில் ஜன்னல் வெளிச்சம் சதுரமாக விழுந்திருந்தது. வெளிச்சத்துக்குக் குறுக்கே கரிய இழைகள் புகை போலப் பிரிந்து பிரிந்து இறங்கின. பழைய சேலைக்குச் சாயம் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். தோழி மலாயில் அழகு, அழகு என்றாள். அதைத் தாளில் அச்சடித்து எடுத்துப்போய் என் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். அறையில் இருந்த பெண்கள் யார் எடுத்தது என்று கேட்டார்கள். எங்க அக்கா என்றேன்.

அடுத்த வாரம் அவளிடமே சொன்னேன். "அக்கா, சூப்பரா எடுத்திருக்க. அதுலயும் அந்தப் பேசின் படம் இருக்கே, நான் எடுத்தாகூட அப்படி வராது."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவுதானா?"

"வேற என்னா?"

"ஒண்ணும் இல்ல. சாப்புடு."

சோறு போட்டாள். போடும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். சளியா என்று கேட்டதற்குத் தூசி என்றாள். குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தவளை அப்படியே ஒரு படம் எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தொழிற்சாலை அலுவலகத்துக்கு மாமா போன் செய்தார். அக்காவுக்கு மூச்சு விட முடியவில்லை, தோட்டத்து வேனில் ஏற்றிச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்றார்.

பெண்கள் வார்டில் ஜன்னலை ஒட்டிய கட்டிலில் கிடந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். நான் அவள் கையைப் பிடித்தேன். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். நகங்கள் அடியோடு மஞ்சளாகிப் பெயர்ந்திருந்தன, இரண்டு விரல்களில் நகமே இல்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை எனக்குச் சோறு போட்டிருக்கிறது. மூக்கைச் சுற்றிக் காய்ந்த ரத்தம்.

"எத்தன நாளா இப்படி ரத்தம் வருது?"

"அதான் படம் புடிச்சிக் காட்டுனனே" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நீ நல்லா இருக்குன்னு சொன்ன."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு பேசின் கண்முன் வந்தது.

"அது ரத்தம்னு தெரியலக்கா. கறுப்பு வெள்ளையா இருந்துச்சு."

"அந்தச் சின்ன டிவியிலதான் அப்படித் தெரியும்னு நெனச்சேன். கம்ப்யூட்டர்ல போட்டா கலர் வந்துரும்னு நெனச்சேன்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கிட்ட சொன்னேன். ஒடம்பு சூடுன்னு சொல்லி மாத்திர குடுத்தாரு. மாமாகிட்ட சொன்னா மண்டோர்கிட்ட சண்டைக்குப் போவாரு. வேல போச்சுன்னா வீடும் போயிரும்." மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டாள். "நீ படிச்ச புள்ள. பாத்தா நீயே தெரிஞ்சிக்கிட்டு எதாச்சும் செய்வன்னு இருந்தேன்."

முதுகையும் அன்று பார்த்தேன். தாதி துணி மாற்றும்போது உதவிக்குப் பிடித்துக்கொண்டேன். பம்ப் உரசும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. பம்ப் பல மாதங்களாக ஒழுகிக்கொண்டிருந்ததாம். மருந்து அந்தப் புண் வழியாக உள்ளே போயிருக்கலாம், நுரையீரல் இறுகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பதினெட்டு நாள் இருந்தாள். கடைசி மூன்று நாள் பேச்சில்லை.

தோட்டத்தின் மேல் புகார் கொடுக்க வேண்டும் என்று மாமா நின்றார். அதற்கு முன் அவர் எதற்கும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. தோட்டத்து மெனேஜர், அவருக்கு மேலே இருந்தவர்கள், அப்புறம் ஓர் அரசாங்க அதிகாரி என்று நாங்கள் இருவரும் அலைந்தோம். அதிகாரி பொறுமையான மனிதர். அச்சடித்த படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகுப் படத்தை அதிக நேரம் பார்த்தார். புண் எது, நிழல் எது என்று அதில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பேசின் படத்தைக் காட்டி, இது என்ன என்று என்னிடமே கேட்டார். ரத்தம் என்றேன். கூட வந்திருந்த, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, "வெத்தல துப்புன தண்ணியா இருக்கும்" என்றார். அக்கா வெற்றிலை போட்டதே இல்லை. மாமா எழுந்து வெளியே போய்விட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளிலும் 'இருக்கலாம்' என்றுதான் இருந்தது. புகார் கடைசி வரை நிற்கவில்லை.

நாலு மாதத்தில் மாமாவை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சிரம்பானில், லோபாக் பக்கம் ஒரு கடை மாடியில் அறை எடுத்துக் கொடுத்தேன். லோரி வேலை வேறு இடத்தில் கிடைத்தது. நான் போகும்போதெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுப்பார். அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவர் வீட்டைக் காலி செய்த அன்று, அக்காவோடு மருந்தடித்த பெண்கள் நாலு பேர் உதவிக்கு வந்திருந்தார்கள். சாமான்களை ஏற்றி முடித்த பிறகு அவர்களில் மூத்தவள் கேட்டாள். "கேமரா வச்சிருக்கியாம்மா?"

இருந்தது. அக்கா போன பிறகு அதைத் தொடவில்லை, ஆனால் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. வெளிச்சம் விழும் இடத்தில் நாலு பேரும் வரிசையாக நின்று கைகளை நீட்டினார்கள். இப்படியா, திருப்பணுமா என்று கேட்டுக்கேட்டுத் திருப்பினார்கள். கலருக்கு மாற்றினேன். எட்டுக் கைகளையும் எடுத்தேன். மஞ்சள் நகம், ஊதா நகம், நகமில்லாத விரல். முகம் எதுவும் அதில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

நான் தெமியாங் திரும்பி இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவர்களில் இரண்டு பேர் பஸ் பிடித்து என் அறையைத் தேடி வந்துவிட்டார்கள். மண்டோர் காதுக்கு எட்டிவிட்டதாம். யார் யார் கை என்று கேட்டானாம்.

"அழிச்சிரும்மா. எங்க நாலு பேரோடதும்."

"மொகம் இல்லக்கா, கை மட்டுந்தான்."

"கைய வச்சே கண்டுபுடிச்சிருவாங்கலா. நாங்களும் வீட்டுக்கு எங்க போறது?"

அறைவாசலில் நின்றபடி ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் நிச்சயமா என்று கேமரா கேட்கும், ஆமாம் என்று அமுக்க வேண்டும். இருவரும் என் இரண்டு தோள்களுக்கும் மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படமும் போனதும் சின்னவள் கேமராவை வாங்கி, தானே பட்டனை அமுக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி வேகமாக நடந்தார்கள். மறுநாள் காலையில் அவர்களுக்குப் பெரட்டு இருந்தது.