அட்டையின் முதுகு

போன கிழமை ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில், பிக்கரிங் சந்தையொன்றில், பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்த பழைய சிகரெட் அட்டை ஒன்றைக் கண்டேன். வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். விற்ற தமிழ்ப் பிள்ளை சிரித்தாள். "அங்கிள், உது கார்ட். சாப்பாடு இல்லை."

நீங்களும் சிரிக்கலாம். ஆனால் எண்பத்தைந்தாம் ஆண்டு ரொறொன்ரோவில், ஒரு கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று என்னை வேலைக்கு வைத்த பழைய அட்டைக் கடை முழுவதும் அந்த மணம்தான்: ஊறிய புகையிலை, பழைய பசை. அதற்கு முன் இரண்டு வேலைகளிலிருந்து துரத்தியிருந்தார்கள். அறையில் கூட இருந்த ராசு அண்ணை தெளிவாகச் சொல்லிவிட்டார்: "உதுவும் போச்செண்டா என்னோட ஒஷாவாப் பக்டரிக்கு வா. கோழி வெட்டலாம்." எனக்கு இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும்.

கடைக்காரக் கிழவர் ஒரு சப்பாத்துப் பெட்டியைத் தந்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து வை என்றார். எழுபது, எண்பது வருடங்களுக்கு முன் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த பேஸ்போல் வீரர்களின் படங்கள். அந்த விளையாட்டே எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே முறைப்பு. ஆகவே புரட்டிப் பார்த்தேன். பல அட்டைகளில் முன்னால் ஒரே ஆள். பின்னால் வேறு வேறு சிகரெட் விளம்பரம். பெரிய தாளில் பல முகங்களை, நிறத்தின் மேல் நிறமாக ஏற்றி அச்சடித்துவிட்டு, முதுகை மட்டும் சிகரெட்டுக்குச் சிகரெட் மாற்றியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் சிகரெட் பெட்டி மட்டை வைத்து விளையாடியபோது படத்தை யார் பார்த்தது? எந்தச் சிகரெட், எவ்வளவு அரிது, அதுதான் பெறுமதி. அப்படியே பிரித்தேன். பிறகு, சிறிய எழுத்தில் இருந்த தொழிற்சாலை எண்படி இன்னொரு தடவை. வந்த உற்சாகத்தில், கிழவர் முகப்படி அடுக்கியிருந்த வேறு இரண்டு பெட்டிகளையும் கலைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் பார்த்தார். முகம் சிவந்தது. "முகத்தை வாங்கத்தான் வருகிறார்கள். முதுகை எவன் கேட்கிறான்? வீட்டுக்குப் போ."

அவர் கத்தியது ஆங்கிலத்தில். எனக்குக் கேட்டது கோழிச் சத்தம்.

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. தனியாக வைத்திருந்த ஓர் அட்டையை நீட்டினேன். சாதாரண ஆள், சிவப்பு மை விலகி, உதடு கன்னத்தில் ஏறியிருந்தது. ஆனால் மூன்று பெட்டியிலும் அந்தச் சிகரெட்டின் முதுகு அது ஒன்றுக்குத்தான். கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"முகப்படி திரும்ப அடுக்கு," என்றார் கடைசியில். "முதுகைக் கடதாசித் துண்டில் எழுதி வை. திங்கட்கிழமை ஒன்பதுக்கு வா."

அன்றிரவு ராசு அண்ணை பாணைப் பிய்த்தபடி சொன்னார்: "அப்ப கோழியள் தப்பீட்டுதுகள்."

நாலு வருடம் துண்டு எழுதினேன். இப்போது கிழவரும் இல்லை, கடையும் இல்லை. பிக்கரிங்கில் அந்த உறையின் தலைப்பில், வீரனின் பெயருக்குக் கீழேயே சிகரெட்டின் பெயரும் மெஷினில் அச்சாகியிருந்தது. மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனேன். பிளாஸ்டிக் மணந்தது.