சகலையின் இடது கால்

திருச்சி ஆஸ்பத்திரியில் சகலை என் கட்டிலைக் கடந்து, யாரையும் பிடிக்காமல் நடந்துபோன அந்தக் காலைப்பொழுது எனக்கு மறக்கவில்லை. இருவருக்கும் ஒரே வாரத்தில், ஒரே டாக்டர்தான் முதுகெலும்பில் அறுவை செய்திருந்தார். நான் நர்ஸின் தோளில் கைபோட்டு நின்றுகொண்டிருந்தேன். என் இடது பாதம் துணிபோலத் தொங்கியது.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இருவரும் டிப்பர் லாரி ஓட்டினோம். குண்டும் குழியுமான அந்தப் பாதை இருவர் இடுப்பையும் ஒருசேரத்தான் தின்றது. எலும்புக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கிக் கால் நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். சகலை வலி வந்ததுமே காட்டிவிட்டார். நான் மாத்திரையை விழுங்கிக்கொண்டு நெடுநாள் ஓட்டியிருந்தேன். "உங்க நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்திருக்கு. வலி போயிடும். பாதத்துல பலம் திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவர் சொன்னபடியே வலி போயிற்று. பலம் திரும்பவில்லை.

கிளட்ச் மிதிக்க முடியாதவனுக்கு லாரியில் என்ன வேலை? எடைமேடை அறையில் உட்காரவைத்தார்கள். அங்கேதான் எனக்குப் பொறாமை வளர்ந்தது. சகலையின் லாரி தினமும் என் ஜன்னலுக்கு நேராக வந்து நிற்கும். இறங்குவார், ரசீது வாங்குவார், மறுபடி ஏறுவார். கீழப்பழுவூரில் மாமியார் வீட்டுக்குப் போனால், "சின்ன மாப்ளைக்கு ஒடம்பு வாகு அப்புடி, தேறிட்டாரு" என்பார் மாமியார், எனக்குச் சோறு போட்டபடியே. சிறுவாச்சூர் கோயில் கூட்டத்தில் சகலை தன் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். என் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள், நான் விழுந்துவிடாமலிருக்க. அன்று சாமியிடம் நான் என் காலைக் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன்.

ஒருநாள் உச்சி வெயிலில் சகலையின் லாரி மேடைக்கு வந்தது, ஆள் இறங்கவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. காலை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு வேர்வையில் நனைந்திருந்தார்.

"என்ன சகல, என்ன செய்யுது?"

"எறங்க முடியலண்ணே. வலி போவவே இல்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி எப்புடியோ அப்புடியேதான் இருக்கு. வூட்ல சொல்லிடாதீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நீங்க வலியில்லாம ஒக்காந்திருக்கறத அந்த ஜன்னல்ல பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுதுண்ணே."

என் தோளைக் கொடுத்து இறக்கினேன். வீட்டில் சொல்லத்தான் சொன்னேன். மறுபடி அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேனில் குறை எதுவும் இல்லை, சிலருக்கு வலி தங்கிவிடுவதுண்டு, லாரி இனி வேண்டாம் என்றார்.

இப்போது சகலை பெரம்பலூரில் ஒரு உதிரிபாகக் கடையில் நிற்கிறார். ராத்திரியெல்லாம் புரண்டு படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாராம், கொழுந்தியாள் சொல்கிறாள். நான் படுத்ததும் தூங்கிவிடுகிறேன். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, "இருங்கண்ணே, டீ வாங்கியாறேன்" என்று கிளம்பினார். அவருக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், விரல்கள் தூக்கி, குதிகால் ஊன்றி, அந்த இடது பாதம் படியிறங்கிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.