பாட்டுகளுக்கு அடியில் கிடந்த அளவீடுகள்

2025 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. வழக்கம்போல் ஸ்கூடாய் சந்தையில் மீன் வாங்கி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, வாரத்துச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு முடித்திருந்தேன். சாப்பிட உட்காரும்போது பக்கத்து வீட்டுத் தம்பதி வந்தார்கள். மனைவி கையில் ஒரு பென்டிரைவ்.

அவர் பள்ளி ஆசிரியை; பகுதிநேரமாக முதுகலை படிக்கிறார். பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசித் தோட்டத்தின் மண் ஈரத்தை மாதக்கணக்கில் அளந்த கோப்பு அதில்தான் இருந்தது. வேறு நகல் இல்லை. தோட்டத்தை அழித்து மறுநடவும் செய்துவிட்டார்கள். கடன் வாங்கிய அளவுக் கருவியும் துடைக்கப்பட்டுத் திரும்பிப் போய்விட்டது. இனி அளக்க வழியில்லை. மனைவி காரில் கேட்கட்டும் என்று கணவர் எல்லாவற்றையும் அழித்துப் பாட்டுகளை ஏற்றியிருந்தார்.

“காலியா இருக்குன்னு நினைச்சேண்ணே.”

“காலியா இருந்ததை எதுக்குங்க அழிச்சீங்க?” என்றார் மனைவி.

அழிந்த கோப்புகளைத் தேடுவதுதான் என் உத்தியோகம். எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி வழியாகப் பென்டிரைவை இணைத்து, அதன் முழுப் பிம்பத்தையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொண்டேன். இனி அந்த நகலில்தான் வேலை. கறுப்புத் திரையில், கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் fls கட்டளையைத் தட்டினேன். கோப்பு முறைமையே இல்லை என்றது.

“அலமாக்,” என்று பதறினார் கணவர். “செத்துப்போச்சாண்ணே?”

“இல்ல லா. நான்தான் தப்பா குடுத்தேன்.” பென்டிரைவுக்குள் தரவுப் பகுதி தொடங்கும் இடத்தைக் கட்டளை செக்டர் கணக்கில், அதாவது 512 பைட் கொண்ட துண்டுகளாகக் கேட்கிறது; நானோ பைட் கணக்கில் கொடுத்திருந்தேன். திருத்தியதும் அழிந்த பெயர்கள் நட்சத்திரக் குறியோடு வரிசையாக இறங்கின. அவருடைய கோப்பும் இருந்தது. icat கொண்டு அதை வெளியே எடுத்தேன். உள்ளே முழுக்கப் பாட்டின் குப்பை. பழைய இடத்தின் மேலேயே பாட்டு உட்கார்ந்துவிட்டது.

கணவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அளவுக் கருவியிலேர்ந்து எப்படி எடுப்பீங்க?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“வாரா வாரம் எடுப்பேண்ணே. முதல்லேர்ந்து மொத்தமும் வரும். புதுசை வச்சிட்டுப் பழசை அழிச்சிடுவேன்.”

புதுசை எழுதும்போது பழசும் உள்ளே இருந்திருக்கிறது; அப்படியென்றால் கடைசிக்கு முந்தைய வாரத்துக் கோப்பு வேறு இடத்தில் கிடக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் பாத்தியின் குறியீட்டோடு தொடங்கும் என்றார். அந்தக் குறியீட்டைப் பிம்பம் முழுக்கத் தேடவிட்டேன். பாட்டுகளைத் தாண்டி வெகுதூரத்தில் அகப்பட்டது. இந்தத் தடவை பைட்டைச் செக்டராக மாற்ற மறக்கவில்லை. அந்த இடம் எந்தக் கோப்புக்கு உரியது என்று ifind சொன்னது. மறுபடி icat. பாத்தி, தேதி, ஈரம். பாத்தி, தேதி, ஈரம். திரை நிற்காமல் ஓடியது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டிருந்தேன்.

“கடைசி வாரம் மட்டும் இல்ல,” என்றேன்.

“அந்த வாரம் பூரா மழை. அது இல்லாமலே எழுதிடுவேன்,” என்றவர், கணவரைப் பார்த்து, “இனிமே கார்ல ரேடியோதாங்க,” என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, பாட்டுகளை மட்டும் என்னிடமிருந்த வேறொரு பென்டிரைவில் ஏற்றி, வேலிக்கு மேலாகக் கணவரிடம் நீட்டினேன்.