பயறு நிரப்பிய பை

மாமியின் சட்டைக்குப் பக்கத்தில், உடுப்புக் கொடியில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியை வட்டமாக வெட்டி, உள்ளே எதையோ நிரப்பி, விளிம்பை நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். பொம்மைக்குத் தைத்த தலையணை போலிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தபோது தையலின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ எட்டிப்பார்த்தது. முளை. உள்ளே இருந்த பச்சைப்பயறு ஈரத்தில் முளைத்திருந்தது. பயற்றைப் பைக்குள் வைத்துத் தைத்துச் சட்டையோடு காயப்போடுவது எதற்கென்று பதின்மூன்று வயதுப் பிள்ளையான எனக்குப் புரியவில்லை. "அதைத் தொடாதை பிள்ளை" என்றபடி மாமி வந்து பையைக் கழற்றினார். முளையைக் கண்டதும் அவருடைய உதடுகள் துடித்தன. சிரிக்கப்போகிறாரா அழப்போகிறாரா என்று தெரியவில்லை. "இனி வறுத்துத்தான் போடவேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்யாதவர். திருகோணமலைக் கச்சேரி அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக வேலை செய்துகொண்டு, துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் எங்களோடு இருந்தார். அந்த வருடம் கொழும்புக்குப் போனவர் வெகுநாள் வரவில்லை. வந்தபோது தலையில் முடியில்லை. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க ஏலாது. என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. "அந்த வருத்தம்" என்று நோயைப் பேர் சொல்லாமல் சொல்வார்கள், குரல் தாழ்ந்துவிடும். மாமிமேல் சாயாதே என்றார் அம்மா. பக்கத்து வீட்டுக்காரி, மாமி குடித்த கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தாள். அந்த நாட்களில் பெரியவர்கள் இன்னொன்றையும் இப்படித்தான் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். "அங்கால பிரச்சினையாம்" என்பார்கள். கொஞ்ச நேரத்தில் குடாவுக்கு அப்பாலிருந்து செல் குண்டு வெடிக்கும் சத்தம் வரும். இரண்டும் என் தலைக்குள் ஒன்றாகிவிட்டன. மாமியின் நெஞ்சில் செல் துண்டு பட்டிருக்கிறது, அதை வெளியே சொன்னால் ஆமி பிடித்துக்கொண்டு போய்விடும் என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் மாமிக்குப் பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். மாமி அவரை அக்கா முறையில் ராத்தா என்று அழைத்தார்; அவர் மாமியை மிஸ் என்றார். இருவருக்கும் ஒரே வருத்தம், ஒரே சத்திரசிகிச்சை. மிச்ச ஊசி மருந்துக்கு இனிப் போகமாட்டேன் என்று ராத்தா வீட்டிலேயே இருந்துவிட்டார் என ஒரு நாள் செய்தி வந்தது. போய்க் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று மாமி புறப்பட்டார். இந்த நேரத்தில் என்ன பயணம் என்று அம்மா சண்டை பிடித்தார். மாமியால் பை தூக்க ஏலாது என்பதால் என்னையும் கூட அனுப்பினார்கள்.

கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். பாதைப் படகில்தான் அக்கரைக்குப் போகவேண்டும். ஏறுவதற்கு முன்னால் சோதனைச் சாவடி. பெண்களைத் தகரக் கொட்டிலுக்குள் கூப்பிட்டுச் சோதித்தார்கள். உள்ளே ஒரு ஆமிப்பெண் நின்றாள். என் பெரியக்காவைவிட இளையவள்போலத் தெரிந்தாள். அவளுடைய கை மாமியின் நெஞ்சில் பட்டதும் அப்படியே நின்றது. மறுபடி அமத்திப் பார்த்தாள். உள்ளே பயறு நெறுநெறுத்தது. அவள் பின்னால் பாய்ந்து சிங்களத்தில் கத்தினாள். வெளியே பூட்ஸ் சத்தம் ஓடிவந்தது. துவக்குகளைச் சுடத் தயாராக்கும் கிளிக் சத்தம் கேட்டது. குண்டு என்று நினைத்துவிட்டாள் என்பது எனக்குக்கூட விளங்கியது.

மாமி இடது கையால் சட்டையின் கொக்கிகளைக் கழற்றினார். பையை எடுத்து மேசையில் வைத்தார். மார்பு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அக்குள் வரை இழுபட்ட ஒரு சிவந்த தழும்பு மட்டும் கிடந்தது. அதை நான் முதல்முதலாகக் கண்டது அப்போதுதான். ஆமிப்பெண்ணுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வாசலுக்கு வந்துவிட்டவர்களைப் பார்த்து ஏதோ சொல்லிக் கதவை மூடினாள். பிறகு பையை எடுத்து, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்து, மாமியிடம் நீட்டினாள். மாமியின் விரல்கள் கொக்கிகளைப் பிடிக்க மறுத்தன. அவளே குனிந்து ஒவ்வொன்றாகக் கொழுவிவிட்டாள். அவளை வெறுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எப்படி வெறுப்பது என்றுதான் தெரியவில்லை.

ராத்தா எங்களைக் கண்டதும், ஒட்டிக்கொண்டு நின்ற சின்ன மகளை விலக்கிவிட்டு, கதிரை எடுத்துப் போட்டார். தலையை மூடிய மொட்டாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு, "மருந்துக்குப் பயமில்ல மிஸ்" என்றார். "போன முறை வரக்குள்ள செக்கிங்ல எல்லாப் பொம்புளையளுக்கும் முன்னால துணியக் கழட்டச் சொன்னாங்க. இன்னொருக்கா அந்த வெக்கம் எனக்கு ஏலா. ஊட்டுலயே மௌத்தாகிறன்."

"எனக்கு இப்பதான் நடந்தது, ராத்தா" என்றார் மாமி. நடந்ததை எல்லாம் சொன்னார். பயறு முளைத்த கதையையும் சொன்னார். கடைசியில் அந்த ஆமிப் பெட்டை கொக்கி கொழுவிவிட்டதைச் சொன்னபோது ராத்தா நம்பவில்லை. "சும்மா சொல்றீங்க" என்று என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். ராத்தாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தை மூடிக்கொண்டார். மாமி அவருடைய முழங்காலில் கை வைத்துச் சொன்னார்: "மருந்தை முடிச்சாச் சுகம் வரும். நான் பொறுப்பு. ரெண்டுபேரும் ஒண்டாப் போவம்."

ஒன்றாகத்தான் போனார்கள். எல்லா ஊசியையும் இருவரும் முடித்தார்கள். ஒரே பஸ், ஒரே வாந்தி, ஒரே சோதனைச் சாவடிகள். மாமிக்கு முடி வளர்ந்தது. கை மேலே எழும்பியது. கச்சேரிக்குத் திரும்பப் போனார். ராத்தாவுக்கு வருத்தம் எலும்புக்கு இறங்கியது. அடுத்த மாரி மழைக்குள் மௌத்தாகிவிட்டார். அன்று பாதைப் படகு ஓடவில்லை. மையத்தாகக் கிடந்த உடலைப் பார்க்கக்கூட மாமியால் போக முடியவில்லை. அதற்குப் பிறகு சோறு பிசைகிற கை நடுவில் நின்றுவிடும். "நான் கூப்பிடாட்டி மனுசி நிம்மதியாப் போயிருக்குமோ?" என்பார். இல்லை என்பார் அப்பா. மாமி அடுத்த நாளும் அதையே கேட்பார்.

இப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இருக்கிறது. ஒரு கதை கதைத்து முடிவதற்குள் கடந்துவிடலாம். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் காலையில் ராத்தாவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மார்பில் கட்டி இருப்பதாக, புற்றுநோய் என்ற சொல்லையே சொல்லி, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். பிறகுதான் அவளுடைய குரல் உடைந்தது. "உம்மாக்கிட்டச் சொன்ன மாதிரி எனக்கும் சொல்லுங்க மிஸ். சுகம் வரும் எண்டு."

மாமி அவளைப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்.

"அதைச் சொல்ல எனக்கு ஏலாது மகள். நான் ஏன் இருக்கிறன், அவ ஏன் போனவ எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை." கதிரையின் கையைப் பிடித்து எழும்பினார். "பொறு, சீலையை மாத்திக்கொண்டு வாறன். ரெண்டுபேரும் போவம்."

ஒவ்வொரு முறையும் மாமி அவளோடு போனார். அவளுக்குச் சுகம் வந்தது. கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று சொல்ல அவள் ஓடிவந்த அன்று, மாமி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதார். சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த அழுகைக்கு நடுவில் மாமி கூப்பிட்டது அவளை அல்ல. "ராத்தா, ராத்தா" என்றுதான் கூப்பிட்டார்.