ஈரத்தோடு நிறுத்த எடை

வேதியியல் ஆசிரியைக்குப் பதினோரு வருடமாக ஒரே மல்லுக்கட்டு. இளங்கலைப் பிள்ளைகளை வைத்தே ஆராய்ச்சி செய்து காட்டுகிறேன் என்று கல்லூரியில் பழைய சாமான் அறை ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தார். பிள்ளைகளுக்குக் கை பழகுவதற்கும் மூன்றாம் வருடம் முடிவதற்கும் சரியாக இருக்கும். அடுத்த வருடம் மறுபடி அரிச்சுவடி. பெரிய பல்கலைக்கழகத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போக வழியில்லை. படுக்கையில் கிடக்கும் மாமியாரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் அம்மா நாலரை அடித்தால் செருப்பை மாட்டிவிடுவார்.

இந்த வருடம் ஒரு கட்டுரையாவது அச்சேறாவிட்டால் அறை விடைத்தாள் கட்டுகளுக்குப் போய்விடும் என்று முதல்வர் சொல்லியிருந்தார். நல்லவேளை, ஓர் ஆய்விதழில் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். புதிய செய்முறையில், கிடைக்க வேண்டிய பொருளில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு விளைச்சல். போன வருடத்து மாணவி செய்தது.

அதையே இந்த வருடத்து மாணவி செய்தால் அறுபதைத் தாண்டவில்லை. எதையும் நாலு முறை நிறுப்பதால் அவளுக்குத் 'தராசு' என்று பெயர்.

"நான்தான் சொதப்புறேன் போல, மேடம்."

ஆசிரியைக்குச் சந்தேகம் தட்டியது. பழைய மாணவியை ஃபோனில் பிடித்தார்.

"கிடைச்ச பொருள ராத்திரி முழுக்கக் காய வச்சுத்தானே நிறுத்த?"

"எங்க மேடம்! நாலு பத்துக்கு காலேஜ் பஸ். நீங்கதானே, 'எடையப் போட்டுட்டு ஓடு, நானும் கிளம்பணும்'னு விரட்டுவீங்க?"

ஆக, நிறுத்ததில் மூன்றில் ஒரு பங்கு வெறும் ஈரம். விரட்டியது தான்தான் என்பதில் ஆசிரியைக்குச் சந்தேகமில்லை.

முதல்வரிடம் போய்ச் சொன்னார்.

"அச்சாகட்டும் விடுங்க மேடம். யாரு திரும்பச் செஞ்சு பாக்கப் போறாங்க?"

"தராசு செஞ்சு பாத்துட்டாளே, சார்."

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் அன்றே போயிற்று. வெள்ளிக்கிழமை விடைத்தாள் கட்டுகள் அறைக்குக் குடிவந்தன. மிஞ்சியது பொதுச் செய்முறைக்கூடம், அதுவும் சாப்பாட்டு வேளையில் ஒரு மணி நேரம். அடுத்த வகுப்பு வருமுன் மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

"ஒரு மணி நேரத்துல எது மேடம் காயும்?"

"காய வேண்டாததா ஒண்ணு தேடுவோம். நீ சாப்பாட்ட அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு வா."

அந்த வாரம் இருவரும் வேதிவினைகளின் பட்டியலில் நாற்பது பக்கம் பார்த்தார்கள். எல்லாமே இரவு முழுக்கக் காய வேண்டியவை.