ஒரு மூடி பெட்ரோல்

செஞ்சி பங்கில் 'பெட்ரோல் இல்லை' என்று சிலேட்டு தொங்குகிறது. கோட்டை மலையைத் தாண்டியதும் என் மோட்டார் சைக்கிள் நின்றுவிடுகிறது. அவலூர்பேட்டையில் தங்கைக்கு வளைகாப்பு. வளையல் பெட்டியோ பின்னால் உட்கார்ந்திருக்கும் என் மனைவி கையில்.

சாலையோரக் கிணற்றடியில் ஒரு விவசாயி பாட்டிலிலிருந்து ஒரு மூடி பெட்ரோலை பம்ப்செட் இன்ஜினில் ஊற்றிக் கயிற்றை இழுக்கிறார். இன்ஜின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுகிறார். தண்ணீர் கொட்டுகிறது. எங்கள் நிலைமையைக் கேட்டதும் பாட்டிலை அப்படியே நீட்டுகிறார்.

"ஸ்டார்ட் பண்றதுக்குத்தான் சார் இது. அப்பால கிருஷ்ணாயில்லயே ஓடும்."

"உங்களுக்கு வேணாமா?"

"திரும்பி வர்றப்ப வாங்கியாந்து குடுங்க. அதுவரைக்கும் இன்ஜினை நிறுத்தாம ஓட்டிக்கறேன்."

வண்டி கிளம்புகிறது. முதுகுக்குப் பின்னால் அந்த இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாங்கள் இன்னும் போய்ச் சேரவேயில்லை. அதற்குள், "சீக்கிரம் திரும்பிடணும்" என்கிறாள் மனைவி.