ரெண்டு மணி நேரப் பயணம்

எங்கள் கடை முதலாளிக்கு ஆணிவாயர் என்று பேர் வைத்திருந்தார்கள். சோபாவுக்குத் துணி போர்த்தும்போது சின்ன ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். அதனால் பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்துப் பேச ஒரு தங்கை. கல்யாணமாகிக் கிழக்கே, கடல் தாண்டி ஒரு நகரத்தில் இருந்தாள்.

அவள் வந்தால் கடையே கலகலக்கும். ஒரு தடவை வந்து இறங்கினதும், "காலையில பத்துக்கு ஏறினேன், பன்னிரண்டுக்கு இங்க இறங்கிட்டேன். உனக்குத்தான் வர மனசில்ல" என்றாள். உறை தைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "அக்கா, இவர் வாயில இருக்கறது ஆணியா, பூட்டா?" என்றாள்.

"ரெண்டு மணி நேரம்தானே, எப்ப வேணும்னாலும் வந்துக்கலாம்" என்றார் அண்ணன்.

அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடும் என்று கடையில் ஒருத்தருக்கும் தெரியாது. அவளும் விளையாட்டுக்குச் சொன்னதுதான்.

பிறகு அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்தால் உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன் பண்ணினாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு ஆபரேஷன். அதுக்குள்ள வந்துடு அண்ணா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன்ல சொல்ற பேச்சில்ல."

"பன்னிரண்டுக்கெல்லாம் உன் முன்னாடி நிப்பேம்மா."

டிக்கெட் போடுகிறவர், "இன்னைக்கு ராத்திரியும் இடம் இருக்கு, நாளைக்குக் காலையில பத்துக்கும் இருக்கு, எது வேணும்?" என்று கேட்டார். கடையில் ஒரு சோபாவுக்குக் கை ஒன்று பாக்கி. காலையில் போதும் என்று சொல்லிவிட்டு அண்ணன் வேலையில் உட்கார்ந்துவிட்டார்.

விமானத்தில் நடந்ததை அவரே என்னிடம் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பணிப்பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஏம்மா, பன்னிரண்டாச்சே. ஊர் வரலையா?"

"இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்குங்க ஐயா. நாம இறங்கும்போது அங்க அஞ்சு மணி."

"அஞ்சா? நாலுக்கு முன்னாடி இறக்கிவிட முடியாதா?" என்று கேட்டாராம். அந்தப் பெண் பாவம், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

ஆஸ்பத்திரி வாசலில் தங்கை புருஷன் நின்றார். "கடைசி வரைக்கும் கதவையே பார்த்துட்டிருந்தா மச்சான். எங்கண்ணன் வந்துருவான், ஒரு நிமிஷம் பொறுங்கன்னு நர்ஸ்கிட்ட கெஞ்சினா."

கடவுள் கருணை, பிழைத்துக்கொண்டாள். மறுநாள் அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னம்மா சொல்லணும்னு இருந்தே?"

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. எழுதிக் காட்டச் சொன்னார், தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று சைகையால் கேட்டாள்.

இப்போதெல்லாம் அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். வந்ததும், "அது என்ன பேச்சா இருக்கும்?" என்று என்னிடம் கேட்பார். எனக்கு என்ன தெரியும்? அவள் சொல்ல நினைத்ததைக் கேட்டவன், மேலே இருக்கிற அந்த ஒருத்தன்தான், அவ்வளவுதான்.